கண்ணாக் கரி

“நிறுத்து புள்ள! போதும், கைய எடு!”

இராசதுரை தனுஷாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வாவியில் தோணி தள்ளிக் காய்த்துப்போன கை அவருடையது. ஆனாலும் தம்பி பெண்சாதியின் அந்த மெலிந்த மணிக்கட்டு, அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தாளின் மேல் ஊர்ந்தது.

சர்ர்க்... சர்ர்க்...

அவள் கண்கள் மூடியிருந்தன. எப்போதும் அப்படித்தான் வரைவாள். வாவிக்கரை அலையாத்திக் காட்டில் பட்டுப்போன கண்ணா மரக் கொப்பைச் சுட்டெடுத்த கரி, மூடிய கண், தன் போக்கில் விட்ட கை. “நான் கீறல்ல. எனக்குள்ள கிடக்கிற வாவி கீறுது” என்பாள்.

“அப்ப உன்ட வாவியிட்ட இறால் எங்க கிடக்கெண்டு கேட்டுச் சொல்லு கா, வலையோட போறன்” என்று கிண்டலடிப்பான் அவள் புருஷன் நிலோஜன்.

அந்த நிலோஜன் வெள்ளத்தில் வலை எடுக்கப் போனவன் திரும்பவில்லை. கவிழ்ந்த தோணி மட்டும் கிடைத்தது. அன்று தொட்டு அவள் சோற்றில் கை வைக்கவில்லை. கீறினாள், கீறிக்கொண்டேயிருந்தாள்.

“பெரியத்தான், கீழ கிடக்கிறதெல்லாம் பாருங்க.” கண் திறக்காமலே சிரித்தாள். “அவர் பாக்கிறதத்தான் என்ட கை கீறுது.”

இராசதுரை குனிந்தார்.

முதல் தாளில் கண்ணா வேர்கள். தண்ணீருக்குள் கிடந்து மேலே பார்த்த மாதிரி. அடுத்ததில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம். பிறகு கல்லடிப் பாலம். நாவற்குடா ஒழுங்கை. ஒழுங்கை முனையில் பூட்டிய கடை.

எல்லாமே, நடந்து வருகிற ஒருவனின் கண்மட்டத்தில்.

“வாறார், என்ன? கிட்ட வந்திட்டார்!”

இராசதுரை தாள்களைக் கவிழ்த்து வைத்தார். ஒன்று சொல்லத்தான் வந்திருந்தார். வாசலில் இந்தச் சிரிப்பைக் கண்டதும் அதை விட்டுவிட்டு அவள் கையைப் பிடிக்கப் போனார்.

வெளியே வெயில் கொளுத்தியது. முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்மேட்டை வெட்டிவிட்டிருந்ததால் வெள்ளம் மளமளவென்று கடலுக்கு வடிந்துகொண்டிருந்தது. பட்டப்பகல்.

அறைக்குள் மட்டும் சேற்று நாற்றம் ஏறியது.

கரி, வீட்டுப் படலையை வரைந்து முடித்தது.

வெளியே படலை கிறீச்சிட்டது.

“காத்து” என்றார் இராசதுரை, தனக்கே சொல்வது போல.

ஒரு இலைகூட அசையவில்லை.

தாளை உருவிக் கிழித்தார். அவள் கை நிற்கவில்லை. சுவரில் ஏறியது. வெள்ளைச் சுவரில் ஒரு அறை விரிந்தது. அதில் இரண்டு முதுகுகள். ஒன்று, சுவரோடு ஒட்டி நின்று கீறுகிற பெண். மற்றது, பக்கத்தில் ஒரு ஆண்.

தன் பிடரியை, சட்டைக் காலரின் கிழிசலை இராசதுரை சுவரில் கண்டார்.

பின்னால் நின்று பார்த்தால் மட்டுமே தெரிகிற காட்சி.

சொட்... சொட்...

சீமெந்துத் தரையில் தண்ணீர் சொட்டியது.

“வந்திட்டார்!” தனுஷா கண்களைத் திறந்தாள்.

திரும்பப் போனவளின் தலையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தார் அவர்.

“கிறுகாத! பின்னால கிறுகிப் பாக்காத புள்ள!”

“விடுங்க பெரியத்தான்! குளிர்ல அவருக்குப் பல்லடிக்கிது, கேக்கல்லயா?”

கேட்டது. அவருக்கும் கேட்டது.

அவள் கண் திறந்த பிறகும் கரி ஓடியது. படத்தின் கீழ் விளிம்பிலிருந்து, தண்ணீரில் ஊறிப்போன ஒரு கை முளைத்தது. விரல்கள் விரிந்தன. சுவரில் இருந்த பெண்ணின் தோளை நோக்கி நீண்டன.

தனுஷாவின் சட்டைத் தோள், தொடுமுன்பே நனைந்தது.

இராசதுரை அவள் தலையை விடவில்லை.

“இண்டைக்கு விடியக்குள்ள முகத்துவாரத்து மணல்ல அவன எடுத்திட்டம் புள்ள. கண் ரெண்டும் திறந்தே கிடந்திச்சி... நான்தான் இந்தக் கையால மூடிவிட்டன்.”