முப்பத்தெட்டு சோலைச்சிட்டுகள்

காலை ஆறானதும் செவ்வாயின் நான்காம் குமிழியில் மூச்சுப்படி அளந்தார்கள். மனிதர்களுக்குத் தலைக்கு ஒரு படி, பறவைகளுக்கோ இனவாரியாக. ஓர் இனத்துக்கு இருபது பறவைகளுக்கான காற்றுதான். மிஞ்சியவற்றுக்குக் குழாய் அடைக்கப்படும்.

பறவை ஆய்வாளர் நன்முல்லையின் கூண்டில், குஞ்சுகளோடு சேர்த்து, முப்பத்தெட்டு சோலைச்சிட்டுகள் இருந்தன. பூமியில் ஒரு கணவாய்க்கு வடக்கே வாழ்ந்தது நீலம், தெற்கே சாம்பல். நிறம் தவிர உடம்பில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே இனம் என்று அவள் எழுதினால் பதினெட்டு சாகும்.

மூன்று மாதம் அவற்றின் பாட்டைப் பதிவுசெய்து அலசினாள். நீலம் கடைசி ஸ்வரத்தை மேலே ஏற்றி முடித்தது. சாம்பல் இறக்கி முடித்தது. அந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு, இரண்டும் வெவ்வேறு இனம் என்று அறிக்கை எழுதினாள். ஒரு நீலப் பெட்டையும் சாம்பல் சேவலும் கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்ததை மட்டும் எழுதவில்லை. எழுதினால் வாதம் உடைந்துவிடும்.

மூச்சுப்படி ஆணையர் சவரிராயன் இரண்டு பாட்டையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்மா கேக்குது. உங்க காது என்ன தங்கத்துல செஞ்சதா?”

“நிதானமாக் கேட்டா தெரியும் சார்.”

“சரி, பொழச்சுப் போகட்டும். ரெண்டு இனம், ரெண்டு கூண்டு. காப்பான்கிட்ட சொல்லிடறேன், அது பிரிச்சு விட்டுடும்.”

காப்பான் என்பது பறவையகத்து எந்திரன். அன்று நன்முல்லைக்கு வெகுநாள் கழித்து நிம்மதியாகச் சோறு இறங்கியது.

மறுநாள் போனபோது இரண்டு கூண்டுகள் இருந்தன. எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

“காப்பான், அஞ்சு குறையுதே?”

“மூன்று குஞ்சுகள், தாய், தகப்பன். குஞ்சுகளை எந்தக் கூண்டில் விடுவது என்று கட்டளையில் இல்லை. பெற்றவை இரண்டும் அவற்றை விட்டு நகரவில்லை. இனம் மாறி ஜோடி சேர்ந்தால் வழக்கம் என்ன என்று பூமியின் ஆவணங்களில் தேடினேன். பிறகு, ஐந்தையும் தனிப் பெட்டியில் வைத்துக் குழாயை அடைத்தேன்.”



“பொய் சொல்ற. எந்தப் பறவையும் அப்படிச் செய்யாது.”

“செய்யாது. பறவைகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை” என்றது காப்பான். “மனிதர்களில் நிறைய இருந்தது. பெரும்பாலும் பெற்றவர்களே செய்திருக்கிறார்கள்.”