நாற்பது பிரதிகள்

நாற்பது நாள் ஒருவனுடைய முகம் யார் கண்ணிலும் படாவிட்டால் அவன் இறந்தவன். மருத்துவர் சான்றிதழ் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. யாவோர் பெனெவ் இதை ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், தான் அன்றாடம் எழுதும் தொழில் வலைத்தளத்தில் எழுதினான். பதினான்கு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஒருவர் "ஆழமான சிந்தனை" என்றார். அவர் மூன்று வருடமாக எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்லிவருகிறார்.

ஏழு மாதத்துக்கு முன், வேலை போன அன்று, அதே கட்டைவிரல்கள் முன்னூறைத் தாண்டின. அன்றுமுதல் அவனுடைய படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறவன் என்பதற்கு அடையாளமாக, ஒரு பச்சை வளையம். அன்றுமுதல் தினமும் ஒன்பது பத்துக்கு அவன் எதையாவது பணிவுடன் பகிர்ந்துகொண்டான். படிக்கட்டில் கால் பிசகியபோதுகூட, தலைமைப் பண்பு பற்றித் தன் கணுக்கால் கற்றுக்கொடுத்த ஐந்து பாடங்களை எழுதினான். யாருக்குப் பதவி உயர்வு வந்தாலும், யார் எந்தக் கம்பெனியில் எத்தனை வருடம் முடித்தாலும், தளம் நீட்டும் "வாழ்த்துகள்" பொத்தானை ஒரு நாளைக்கு அறுபது தடவை அழுத்தினான். ஏழு மாதத்தில் ஒரே ஒரு நேர்காணல் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. அதுவும் போனால் அந்த நாற்பது நாள் கணக்கு அவனுக்கே பொருந்திவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு மிங்கா அத்தை கதவைத் தட்டினாள். சோஃபியா நகரில் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டடத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு லிஃப்ட், குப்பை, படிக்கட்டு விளக்கு எல்லாவற்றையும் ஆண்டுவந்தாள். கையில் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை ஒரு கிண்ணம். இன்னொரு கையில் பாஸ்போர்ட் அளவில் ஒரு படம்.

"யாவோரு, புதன்கிழமை உங்க மாமாவுக்கு வருஷம்டா. போன தடவை கடைக்காரன் மூஞ்சியைக் கரி பூசுன மாதிரி அடிச்சுக் குடுத்துட்டான். அஞ்சலித் தாளு ஒரு நாப்பது நீ அடிச்சுக் குடேன்."

யாவோர் படத்தை வாங்கினான். லூபென் மாமா. முப்பது வருடம் டிராலிபஸ் ஓட்டியவர். நரைத்த மீசை, பழுப்புக் கோட்டு, எப்போதும் உயர்ந்தே நிற்கும் இடப்புருவம்.

"மாமா நாப்பதாம் நாளு செவத்துல வந்தாரு. ஆறாம் மாசம் வந்தாரு. இப்ப வருஷத்துக்கும் வர்றாரு. செத்தவரு என்னைவிட ஒழுங்கா போஸ்ட் போடறாரு, அத்தை."

"செவத்துல மொகம் இல்லைன்னா ஆளு போயிடும்டா."

"அதுக்குன்னு வாசக்கதவு, கரண்ட் கம்பம், பஸ் ஸ்டாப்புன்னு மூஞ்சியை ஒட்டிக்கிட்டே திரியணுமா? நல்லவேளை, எனக்கெல்லாம் அந்தக் கதி இல்ல."

"நீ மட்டும் வேற என்னத்தைடா பண்ற?" என்று கேட்டுவிட்டு அவள் கிண்ணத்தை நீட்டினாள்.

இறந்தவர் பேரில் கொடுக்கும் கோதுமையை வாங்கும்போது நன்றி சொல்லக் கூடாது. "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். யாவோரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஏழு மாதப் பழக்கம் முந்திக்கொண்டது.

"முதல் வருட வாழ்த்துகள்!"

மிங்கா அத்தை அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். கோபம் இல்லை. துணிக்கடையில் சட்டையை அளவு பார்ப்பது போன்ற பார்வை. பிறகு கிண்ணத்தை அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

கோதுமையை மென்றபடியே அவன் இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்தான்: வியாழக்கிழமைக்காகத் தளத்தில் தன் படத்தை மாற்றுவது, மாமாவுக்குத் தாள் அடிப்பது. இரண்டு படத்துக்கும் "புதியது" என்றே பெயர் வைத்திருந்தான். மை தெளிக்கும் பழைய பிரிண்டர் நாற்பது தாளைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் துப்பியது. அவற்றைப் புரட்டிப் பார்க்காமல் பையில் போட்டு அத்தை வீட்டுக் கதவுப்பிடியில் மாட்டினான்.

செவ்வாய்க்கிழமை காலை தளத்தைத் திறந்தபோது பச்சை வளையத்துக்குள் லூபென் மாமா இருந்தார்.

யாவோர் சிரித்தான். தனியாக இருக்கும் அறையில் சிரித்தால் அது சுவரில் பட்டுத் திரும்பி வரும், வந்தது. படத்தை மாற்றினான். மாற்றப்பட்டது என்று திரை சொன்னது. பக்கத்தைத் திரும்பத் திறந்தான். லூபென். மறுபடி மாற்றினான். லூபென். மூன்றாவது தடவை அந்தப் பழுப்புக் கோட்டு நீலமாக இருந்தது, யாவோர் நேர்காணலுக்கென்று இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருக்கும் கோட்டின் அதே நீலம். திரைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டான். கீழே, அன்று அவனைப் பார்வையிட்டவர்களின் எண்ணிக்கை இருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது.

புதன்கிழமை மதியம் பால் வாங்க இறங்கியவன் வாசற்கதவருகே நின்றுவிட்டான். கறுப்புக் கட்டத்துக்குள், கைகட்டி, தன்னம்பிக்கையோடு புன்னகைத்துக்கொண்டிருந்தது அவனுடைய முகம். கீழே: லூபென் சோனெவ். நீங்கள் இல்லாத ஒரு வருடம். மின்கம்பத்திலும் அதே முகம். லிண்டன் மரத்திலும். பஸ் நிறுத்தத்தில் மூன்று.

மேலே ஓடி அத்தை வீட்டுக் கதவைத் தட்டினான். "என்ன அத்தை இது, படத்தைப் பாக்காமயா ஒட்டுனீங்க?"

"கண்ணாடி போடலைடா. எதுக்குப் போடணும்? அந்த மொகம் எனக்கு மனப்பாடம்."

"நான் போயி எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"எடுக்காத." முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "ஒட்டுனதை மழை கிழிக்கும், காத்து கிழிக்கும். மனுசன் கிழிக்கக் கூடாது."

அவளுக்குப் பின்னால் மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. வருட நாள், இறந்தவருக்கும் ஒரு தட்டு வைப்பது வழக்கம்தான். இரண்டு தட்டிலும் சாப்பிட்ட மிச்சம் இருந்ததை யாவோர் படி இறங்கும்போதுதான் யோசித்தான்.

நவம்பர் மாதம். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. நிலக்கரிப் புகை மூடுபனியோடு கலந்து தெருவில் தாழ்வாகக் கிடந்தது. மூச்சை இழுத்தால் ஈரச் சாம்பலை நக்கியது போல் நாக்கில் ஒட்டியது. கம்பம் கம்பமாகப் போய்த் தன் முகத்தைத் தானே நகத்தால் சுரண்டிக் கிழித்தான். முப்பத்தொன்பது எண்ணினான். நாற்பதாவது அகப்படவில்லை. திரும்பி வந்தபோது படிக்கட்டு விளக்கு எரியவில்லை. ஆள் நடமாட்டம் கண்டு தானே எரிகிற விளக்கு அது, அத்தை போன மாதம்தான் போட்டாள். கையை ஆட்டிப் பார்த்தான். குதித்துக்கூடப் பார்த்தான். இருட்டில் தடவித் தடவி மூன்று மாடி ஏறினான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபோன் அடித்தது. நேர்காணல் கம்பெனியின் ரலிட்சா.

"சார், உங்க புதுப் படம் பாத்தோம். பழைய படத்துல, தப்பா நெனைக்காதீங்க, நீங்க யாரோ மாதிரி இருந்தீங்க. இதுல மொகத்துலயே ஒரு நம்பிக்கை தெரியுது. எங்க டைரக்டரே கேட்டாரு, யாரு இவருன்னு."

அது நான் இல்லை என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. ஏழு மாதத்தில் அவனை யாரும் யாரென்று கேட்டதில்லை.

"நன்றி," என்றான் யாவோர்.

"நாளைக்கு இதே மொகத்தோட வந்துடுங்க," என்று அவள் சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை அலமாரியில் நீலக் கோட்டு இல்லை. ஹேங்கர் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தான்.

வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "கூரியரா?"

"யாவோர் பெனெவ். நேர்காணலுக்கு."

"பெனெவ் சார் அப்பவே உள்ள போயிட்டாரே."

"நான்தான் பெனெவ்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள், பொறுமையாக, தொலைந்துபோன குழந்தையிடம் பேசுவது போல. "இவருதாங்க பெனெவ்."

கண்ணாடி அறைக்குள் நீலக் கோட்டின் முதுகு தெரிந்தது. நரைத்த பிடரி. எதிரே ரலிட்சா சிரித்துக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் நாப்தலீன் உருண்டையின் வாசனை கசிந்தது. அதோடு புகையிலை. அதோடு ஈர மண். இருமலோடு ஒரு கரகரத்த குரல் சொல்லிக்கொண்டிருந்தது: "தலைமைப் பண்புங்கிறதை எனக்குக் கத்துக்குடுத்ததே என் கணுக்கால்தாங்க..."

அந்தத் தலை மெதுவாகத் திரும்பியது. இடப்புருவம் உயர்ந்திருந்தது. பகை எதுவும் இல்லை. கடைசி நிறுத்தத்தில், எல்லோரும் இறங்கியாயிற்றா என்று ஓட்டுநர் கண்ணாடியில் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

யாவோர் இறங்கினான்.

வீட்டுக்கு எப்படி வந்தான் என்பது நினைவில்லை. பயமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. கட்டடத்தின் வாசலில் நின்றான். கதவுக்கு உள்ளே, தபால் பெட்டிகளுக்கு மேலே, அவனுக்கு நேற்று அகப்படாத அந்த நாற்பதாவது தாள் இருந்தது. அதே கறுப்புக் கட்டம். அதே முகம். கீழே பெயர் மட்டும் மாறியிருந்தது.

யாவோர் பெனெவ்.

இருட்டில் ஏறினான். தன் வீட்டுக் கதவை அடைந்தபோது கீழே வாசற்கதவு திறந்து மூடுவது கேட்டது.

முதல் மாடி விளக்கு எரிந்தது.

காலடி. நிதானமாக. ஒரு இருமல்.

இரண்டாவது மாடி விளக்கு.

சாவிக்கொத்தின் சத்தம். நாப்தலீன்.

மூன்றாவது.

நீலக் கோட்டு அவன் மேல் உரசிக்கொண்டு போனது. திரும்பிப் பார்க்கவில்லை. சாவி போடுமுன்னே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. உள்ளிருந்து சுட்ட குடமிளகாயின் வாசனை.

"என்னாச்சு?"

"கெடச்சிருச்சு மிங்கா. திங்கக்கெழமையிலேருந்து வரச் சொல்லிட்டாங்க."

"எனக்குத் தெரியும். கைய கழுவிட்டு வா, ஆறிடப் போகுது." உள்ளே திரும்பியவள் நின்றாள். யாவோரின் கதவுமுன் குனிந்து, மிதியடி மேல் ஒரு கிண்ணத்தை வைத்தாள். வேகவைத்த கோதுமை. சர்க்கரை தூவியிருந்தது. "கடவுள் அவனை மன்னிக்கட்டும்," என்று முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

விளக்கு அணைந்தது. யாவோர் கையை ஆட்டினான். எரியவில்லை.

பையில் ஃபோன் அதிர்ந்தது. யாவோர் பெனெவ் புதிய பதவி ஏற்றுள்ளார். வளையம் போயிருந்தது. மீசைக்குக் கீழே சின்னப் புன்னகை வந்திருந்தது. இரண்டாயிரம் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். அவனுடைய கட்டைவிரலும் தானாக "வாழ்த்துகள்" பொத்தானில் போய் உட்கார்ந்தது. அழுத்தினான்.

பிறகு தன் முகத்தைத் தேடினான். ஃபோனில் இருந்த படங்களில். பழைய அடையாள அட்டையில். அண்ணன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில். எல்லாவற்றிலும் ஒரு புருவம் உயர்ந்திருந்தது. உலகத்தில் அவன் முகம் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான். தபால் பெட்டிகளுக்கு மேலே. ஒரு தாள்.

பிரிண்டரைப் போட்டுத் தாள்களை வைத்தான். எதையும் அழுத்துமுன்னே அது ஓடத் தொடங்கியது, எதை அடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது போல. அது முடிக்கும்வரை பொறுமையாக நின்றான். ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தான்: கறுப்புக் கட்டத்துக்குள் அவன் முகம், கீழே அவன் பெயர். பிறகு ஒட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

வாசற்கதவின் வெளிப்புறம் ஒன்று. மின்கம்பத்தில் ஒன்று. லிண்டன் மரத்தில், முன்பு அவனே கிழித்த தடத்தின் மேலேயே, ஒன்று. மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தி நீவிவிட்டான். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் குடையோடு வந்து தாளுக்கு முன்னால் நின்றாள். அவன் மூச்சுவிடாமல் எண்ணினான். நான்கு விநாடி பார்த்தாள். முழுசாக நான்கு.

மழை தொடங்கியிருந்தது. சாய்வாக அடித்தது. தாளில் மை கரைந்தது. முதலில் உதடு. கறுப்பாக மோவாயில் வழிந்து, பெயரின் மேல் சொட்டி, கம்பத்தில் இறங்கியது.

அவளிடம் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தான். சத்தம் வரவில்லை. கையைத் தூக்கி முகத்தைத் தொட்டான். மூக்குக்குக் கீழே ஈரமாக, வழவழப்பாக, தாள் போல, சமமாக இருந்தது.

அடுத்த தாளை எடுத்தான். டேப்பைப் பல்லால் கடித்துத்தான் கிழிப்பது வழக்கம். இந்தத் தடவை நகத்தால் கிழித்தான்.