நசுங்காத இரண்டு எலுமிச்சம்பழங்கள்

1983 அக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொன்றரை மணி.

இன்பநாதன் கார் கொட்டகையின் பூட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். கதவைச் சாத்தினார். மறுபடியும் திறந்து பார்த்தார். இரண்டாவது தடவையும் கார் அங்கே இல்லை.

சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு அப்படியே கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். மனைவியைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

காணாமல் போனது அவருடைய கார் அல்ல. அண்ணன் ஐசக்குடையது. கிரீம் நிற ஃபியட். ஐசக் கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். காரைத்தான் கட்டிக்கொண்டார் என்று இன்பநாதனின் மனைவி மில்ட்ரெட் சொல்வாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்காக மஸ்கட் போனபோது அதைப் பூனாவில், வானவடி வீட்டில் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனார். விட்டுப் போனது கார் மட்டுமல்ல. மாதம் தவறாமல் கடிதத்தில் உத்தரவும் வந்தது. டயர் தரையில் படக்கூடாது, செங்கல் மேல் ஏற்றி வை. பேட்டரியைக் கழற்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற ரோட்டர் என்ற சின்னத் துண்டை எடுத்துவிடு, அது இல்லாமல் எந்தத் திருடனாலும் வண்டியைக் கிளப்ப முடியாது.

இன்பநாதன் அத்தனையும் செய்தார். ஒருபடி மேலேயும் போனார். வீட்டில் வைத்தால் பயம் என்று அந்த ரோட்டரைக் கைக்குட்டையில் முடிந்து தன்னோடே கொண்டு திரிந்தார். ஆபீசுக்கும் அது போனது, சர்ச்சுக்கும் போனது. இப்போதும் அவருடைய பேன்ட் பைக்குள்தான் இருந்தது. கார்தான் இல்லை.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் ஒரு சைக்கிள். இன்பநாதன் பதினான்கு வயதில், அண்ணன் வாங்கிய புது சைக்கிளை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போனார். பூட்ட மறந்தார். நடந்து திரும்பி வந்தார். அதற்குப் பிறகு ஐசக் தம்பியிடம் ஒரு பேனாவைக்கூட நம்பிக் கொடுத்ததில்லை. தம்பி டிரைவிங் லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆகியும் ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை. போக வேறு வழியில்லாமல்தான் காரை விட்டுப் போனார். அந்தப் பழியைத் துடைக்க இன்பநாதனுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் இது.

ஐசக் புதன்கிழமை வருவதாகத் தந்தி வந்து ஒரு வாரம் ஆகிறது.

"ஏங்க, சோறு ஆறுது. காரைக் கொஞ்சினது போதும், வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்த மில்ட்ரெட், கொட்டகையைப் பார்த்ததும் நின்றாள். பூனா கேம்ப் பகுதியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். வகுப்பில் யார் விடையைப் பார்த்து எழுதினான் என்பதை எழுதியவன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

"போயிட்டு, மில்ட்ரெட். எல்லாம் போயிட்டு" என்றார் இன்பநாதன்.

"பூட்டு?"

"பூட்டித்தான் இருந்துச்சு. நான்தான் திறந்தேன்."

"சாவி?"

அவர் கழுத்துக் கயிற்றைச் சட்டைக்குள்ளிருந்து இழுத்துக் காட்டினார். "இன்னொண்ணு அண்ணன்கிட்ட இருக்கு. அது மஸ்கட்ல."

"காலைல இருந்துச்சா?"

"எட்டரைக்குப் பாத்தேன். குட் மார்னிங் சொல்லிட்டுத்தான் சர்ச்சுக்கு வந்தேன்."

மில்ட்ரெட் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். காருக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்கள் சுவரோரம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மேலே போர்த்தியிருந்த தார்ப்பாய் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தரையில், காரின் பின்சக்கரங்கள் இருந்த இடத்தில், இரண்டு எலுமிச்சம்பழங்கள் தட்டையாக நசுங்கிக் கிடந்தன. சாறு இன்னும் காயவில்லை. முன்சக்கரங்கள் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. ஆனால் அடுக்கியிருந்த செங்கல் மேல் இன்னும் இரண்டு எலுமிச்சம்பழங்கள் முழுசாக உட்கார்ந்திருந்தன. அவற்றின் தோலில் கறுப்பாகக் கிரீஸ் விரல் பதிந்திருந்தது.

இன்பநாதன் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"எலுமிச்சம்பழமா? அப்ப பக்கத்து வீட்டு வேலைதான். இந்தக் காம்பவுண்டுல வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறது யாரு? சந்திரமௌலி சார்தானே."

அதில் உண்மை இருந்தது. பாங்க் ஆபீசரான சந்திரமௌலி புது ஸ்கூட்டர் வாங்கினபோதும் வைத்தார், ஆயுத பூஜை தோறும் வைத்தார். ஐசக்கின் ஃபியட் முதன்முதலில் வீட்டுக்கு வந்த அன்றுகூட, தாமே நான்கு பழங்களோடு வந்து நின்றார். சர்ச் கமிட்டியில் இருந்த ஐசக், "நமக்கு எதுக்கு சார் இதெல்லாம்" என்று முறைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் மனசு நோகக்கூடாதே என்று விட்டுக்கொடுத்தார். அடுத்த மாதம் பழம் வைக்காமல் மகாபலேஷ்வருக்குக் கிளம்பினார். மலையேறும்போது ரேடியேட்டர் வெடித்து, நடுரோட்டில் மழையில் நனைந்துகொண்டு நின்றார். சந்திரமௌலி ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"இப்பவே போய் நேராக் கேட்டுடுதேன்" என்று எழுந்தார் இன்பநாதன்.

"கேப்போம். ஆனா நான் கேக்கேன். நீங்க வாயைத் திறக்காம நில்லுங்க" என்றாள் மில்ட்ரெட். முழுசாக இருந்த இரண்டு பழங்களையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டரை மணி.

சந்திரமௌலியும் அவர் மனைவி சரசாவும் அப்போதுதான் ரிக்ஷாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் களைப்பு தெரிந்தது.

"வெளில போயிருந்தீங்களா மாமி?" என்றாள் மில்ட்ரெட்.

"ராஸ்தா பேட்டைக்கு. மாமியாருக்கு மாசியம், மாசாமாசம் பண்ற திதி. காலம்பற ஏழு மணிக்குக் கிளம்பினோம், இப்போதான் வரோம்" என்றாள் சரசா. "ஏன், என்ன ஆச்சு? சார் முகமே சரியில்லையே."

"கார் காணோம் மாமி."

சரசா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். சந்திரமௌலி, "ஐசக்கோட காரா? பட்டப்பகல்லயா? போலீசுக்குச் சொன்னேளா?" என்று பதறினார்.

"இன்னும் இல்ல சார். மாமி, இந்தத் தடவை நவராத்திரிக்கு உங்க வீட்டுல கொலு இல்லையே, சுண்டல் வரலையேன்னு இவங்க ரொம்ப வருத்தப்பட்டாங்க."

இன்பநாதன் திடுக்கிட்டார். கார் போன துக்கத்தில் சுண்டலைப் பற்றி விசாரிக்கிற பெண்டாட்டியை அவர் கேள்விப்பட்டதில்லை.

"எப்படி வைப்பேன் மில்ட்ரெட்? மாமியார் போய் வருஷம் திரும்பலையே. இந்த வருஷம் பண்டிகையே கிடையாது. கொலு கிடையாது, ஆயுத பூஜை கிடையாது. இவர் ஸ்கூட்டருக்கு ஒரு பூகூட வைக்கலே. அடுத்த வருஷம் ரெண்டு மடங்கா சுண்டல் பண்ணித் தரேன்" என்றாள் சரசா.

மில்ட்ரெட் தலையசைத்தாள். "சார், உங்க ஸ்கூட்டரை ஒரு மணி நேரம் தருவீங்களா? ஹடப்சர் வரைக்கும் போகணும்."

"இந்தாங்கோ" என்று சந்திரமௌலி உடனே சாவியை நீட்டினார். "பெட்ரோல் நிறைய இருக்கு. நானும் வரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்ட இன்பநாதனுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கொஞ்சம் முன்னால் இந்த மனிதரைத்தான் திருடன் என்றோம் என்ற நினைப்பு நெஞ்சைக் குத்தியது.

ஸ்கூட்டர் பாத்திமா நகரைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன.

"ஹடப்சர்ல யாரு இருக்கா?" என்றார் இன்பநாதன்.

"அப்துல் காதர் அண்ணன் ஒர்க்ஷாப். நம்ம ஃபியட்டை அவரைத் தவிர யாரும் தொட்டது கிடையாது, இல்லையா?"

"அவரா திருடினாரு? அஞ்சு வேளை தொழுகிற மனுஷன், மில்ட்ரெட்."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

ஹடப்சர் தொழிற்பேட்டை ஓரத்தில் இருந்தது அந்த ஒர்க்ஷாப். வெளியே, பழுதான வண்டிகளைக் கொக்கி மாட்டித் தூக்கி இழுத்துவரும் பழைய லாரி ஒன்று நின்றது. மில்ட்ரெட் இறங்கி அதன் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் கறுப்பாகக் கிரீஸ் ஒட்டியது.

"இப்ப சொல்லுதேன், கேளுங்க" என்றாள். "காரைக் கிளப்பி ஓட்டிட்டுப் போயிருந்தா நாலு சக்கரமும் உருண்டிருக்கும், நாலு பழமும் நசுங்கியிருக்கும். பின்னால வச்ச ரெண்டுதான் நசுங்கிச்சு. முன்னால வச்ச ரெண்டை ஒருத்தர் கிரீஸ் கையால எடுத்து ஓரமா வச்சிருக்காரு. ஏன்?"

இன்பநாதனும் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"முன்சக்கரம் தரையில உருளவே இல்ல. முன்பக்கத்தைக் கொக்கி மாட்டித் தூக்கியாச்சு. தூக்கின சக்கரத்துக்குப் பழம் எதுக்கு? ஆனா மொதல்ல நாலு பழமும் வச்சிருக்காங்க. அப்படின்னா ஓட்டிட்டுப் போறதாத்தான் வந்திருக்காங்க. வண்டி கிளம்பல. ஏன் கிளம்பல?"

இன்பநாதனின் கை தானாகவே பேன்ட் பைக்குப் போனது.

"அதேதான். ரோட்டர் உங்ககூட சர்ச்சுல பாட்டுப் பாடிட்டு இருந்துச்சு. சரி, வந்தது யாரு? பூட்டை உடைக்கல, சாவி போட்டுத் திறந்து, திரும்பப் பூட்டிட்டுப் போயிருக்கான். செங்கலை அடுக்கி, தார்ப்பாயை மடிச்சு வச்சிருக்கான். நாம எத்தனை மணிக்கு சர்ச்சுக்குப் போவோம்னு தெரிஞ்சவன். எல்லாத்துக்கும் மேல, எலுமிச்சம்பழம். ஏங்க, திருடன் எங்கயாவது காருக்கு ஒரு ஆபத்தும் வரக்கூடாதுன்னு பழம் வைப்பானா? அது அந்தக் காரோட நல்லா இருக்கணும்னு நினைக்கிற ஆளு வைக்கிறது. சந்திரமௌலி சார் வீட்டுல இந்த வருஷம் அது கிடையாது. அப்ப பாக்கி யாரு? பழம் வைக்காமப் போய் மலையில மழையில நனைஞ்ச ஒருத்தர்தான்."

இன்பநாதனின் வாய் மெல்லத் திறந்தது.

"திருடன் பேரு ஐசக்" என்றாள் மில்ட்ரெட். "வாங்க, உள்ள போய்ப் பிடிப்போம்."

உள்ளே ஃபியட்டின் பானெட் திறந்திருந்தது. அதன்மேல் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். மஸ்கட் வெயிலில் இரண்டு சுற்றுக் கறுத்திருந்தாலும் ஐசக் ஐசக்தான்.

"வாங்க தங்கச்சி" என்றார் அப்துல் காதர், மாட்டிக்கொண்ட சிரிப்போடு. "நான் அப்பவே சொன்னேன், வீட்டுல சொல்லிட்டு எடுப்போம்னு. இவரு கேக்கல."

"புதன்கிழமைன்னு தந்தி கொடுத்தீங்களே அண்ணே" என்றார் இன்பநாதன்.

ஐசக் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "மஸ்கட்ல எல்லாரும் சொன்னாங்கலே. தம்பிகிட்ட காரை விட்டா அது டாக்ஸியாத்தான் திரும்பி வரும்னு. சொல்லாம வந்து பாத்துடணும்னு தோணிச்சு. நேத்துத்தான் பம்பாய்ல இறங்கினேன்."

"பாத்தீங்களா?" என்றாள் மில்ட்ரெட்.

"கிலோமீட்டர் முள்ளு நான் விட்டுட்டுப் போன இடத்துலயே நிக்குது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் ஐசக். "ஒரு தூசி இல்ல. மனசு நிறைஞ்சு போச்சு. சர்ச் வாசலுக்கே ஓட்டிட்டு வந்து உன்னை ஏத்திக்கணும்னுதான் காதரை பேட்டரி கொண்டாரச் சொன்னேன். சாவியைத் திருப்பினா இருமக்கூட மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை, சாமான் வாங்கக் கடையும் இல்ல. கொக்கி மாட்டி இழுத்துட்டு வந்து மூடியைக் கழத்தினாத்தான் தெரியுது, ரோட்டர் இல்ல."

"எடுக்கச் சொல்லி எழுதினது நீங்கதானே பெரியத்தான்."

"எழுதினேன். இவன் நிசமாவே எடுப்பான்னு நான் நினைக்கல."

அப்துல் காதர் திரும்பி நின்று சிரித்தார். திருடனுக்காகச் செய்த ஏற்பாடெல்லாம் ஓட்டை இல்லாமல் வேலை செய்து, சொந்தக்காரரையே மடக்கிப் போட்டுவிட்டது.

"சரி, அதக் கொடுலே" என்று ஐசக் கை நீட்டினார்.

இன்பநாதன் கைக்குட்டை முடிச்சை வெளியே எடுத்தார். கொடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அண்ணன் கேட்டதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சைக்கிளு?" என்றார்.

ஐசக் துணியை ஓரமாக வைத்தார். பிறகு தம்பியின் தோளில் கையைப் போட்டார். "அது போகட்டும்லே. பதினாலு வயசுப் பய பூட்ட மறந்ததை நான் முப்பது வருஷமா மறக்காம இருந்தேனே, அதுதான் தப்பு. ஒன்னை மாதிரி காவல் காக்க ஒருத்தன் பூனாவுலயும் இல்ல, மஸ்கட்டுலயும் இல்ல."

இன்பநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. முடிச்சை அவிழ்த்து ரோட்டரை அப்துல் காதரிடம் கொடுத்தார். அவர் பொருத்தினார். இரண்டு வருஷம் தூங்கிய எஞ்சின் ஒருதடவை செருமி, உயிர் பெற்றது.

ஐசக் டிரைவர் கதவைத் திறந்தார். ஏறவில்லை. "நீ உக்காரு" என்றார் தம்பியிடம். "எனக்கு அந்த ஸ்கூட்டர் போதும்."

இன்பநாதன் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மில்ட்ரெட் ஏறப் போகும்போது, ஐசக் காரைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கவனித்தாள்.

"என்ன பெரியத்தான் தேடுதீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா" என்றார் அவர், காது சிவக்க.

மில்ட்ரெட் கைப்பையைத் திறந்து இரண்டு எலுமிச்சம்பழங்களையும் நீட்டினாள். "பின்சக்கரத்துக்குக் காலைலயே ஆயாச்சு. முன்சக்கரத்துக்குத்தான் பாக்கி."

ஐசக் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். "பாஸ்டர்கிட்டச் சொல்லிடாதம்மா" என்று முனகிவிட்டுக் குனிந்து, முன்சக்கரங்களுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார்.

"பாத்து, மெதுவா எடுலே" என்றார் ஸ்கூட்டரிலிருந்து.

இன்பநாதன் கிளட்சை விட்டார். கார் மெல்ல நகர்ந்தது. இரண்டு பழங்களும் ஒரே சமயத்தில் நசுங்கின.