ஏழாவது சிரட்டை

ஆறாவது சிரட்டை அரிசியையும் கலத்தில் கொட்டிவிட்டு, சௌதாமினி சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுக்களை வாசலில் உமிக்கரியால் பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார் பங்கஜாட்சியின் விரல் வாயிலேயே நின்றுவிட்டது.

"எட்டி... இன்னும் ஒண்ணு போடல்லியே!"

"ஆறு பேருதானே மாமி. ஆறு சிரட்டை போட்டாச்சு."

"ஆறா?" கிழவி வாயைக் கொப்பளிக்கவும் மறந்து உள்ளே வந்தாள். "எண்ணு பாப்போம். கனகதாஸ், புஷ்பம், ரெண்டு பிள்ளைய, நான், நீ. எனக்க எளைய மோன் எங்கட்டி? ஒனக்க கழுத்துல தாலி கெட்டினவன் எங்க?"

சௌதாமினி அடுப்பை ஊதினாள். புகை கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று.

பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகும் வழியில் இருந்த அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை அரிசி என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு சிரட்டையையும் பெயர் சொல்லித்தான் பங்கஜாட்சி கொட்டுவாள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மேடை ஏறிப் பேசிய இளைய மகன் சதானந்தன், தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்த 1954 ஆகஸ்டு மாதத்தில் உடுத்த வேட்டியோடு வீட்டை விட்டுப் போனான். போலீஸ் அவனைத் தேடியது. அன்றிலிருந்து ஏழாவது சிரட்டை ஒருநாளும் தவறவில்லை. மத்தியானம் அவனுடைய வெண்கலக் கிண்ணத்தில் சோறு போட்டு, இலையால் மூடி, தெற்கு மூலையில் வைப்பாள் கிழவி. அதை வேறு யாரும் தொடக் கூடாது. அவன் பங்கை இன்னொருவர் தின்றுவிட்டால் அவன் இந்த வீட்டில் பங்கில்லாதவன் ஆகிவிடுவான் என்பது அவளுடைய பயம். மறுநாள் காலையில் அது நுரைத்துப் புளித்து வாழை மரத்தின் அடியில், வாழைமூட்டில் போய் விழும்.

அரிசி கண்ணில் படுவதே அரிதாகிவிட்ட காலம். பகலில் ஒரு நேரம் சோறு, மற்ற நேரமெல்லாம் மரச்சீனிக் கிழங்கு. மூத்த மகன் கனகதாசின் பிள்ளைகள் இரண்டும் தங்கள் வட்டிலை வழித்து நக்கிவிட்டு, மூலையில் இருக்கும் சித்தப்பாவின் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வாழைமூட்டில் காக்கைகள் கூடின. புருஷன் பெயருக்கு வைத்த சோற்றைக் காக்கை கொத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் சௌதாமினி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உயிரோடு இருப்பவனுக்கா காக்கைக்குச் சோறு வைப்பார்கள்?

நான்கு நாளைக்கு முன்பு அந்தக் காக்கைகளை இன்னொருவரும் பார்த்தார். போலீஸ் ஏட்டு கிருஷ்ணன்குட்டி குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவர், செம்பை வாயில் வைத்தபடியே வாழைமூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாடு முழுவன் கெழங்கு தின்னு கழியுந்நு. இவிடெ சோறு வாரிக் களையுந்நோ? ஆளு கூடுதலாணல்லோ அம்மே!"

ஊரே கிழங்கு தின்னும்போது இங்கே மட்டும் கொட்டுகிற அளவுக்குச் சோறா, வீட்டில் கூடுதலாக ஆள் உண்டா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்று மாலையே எதிர்த் தோப்பின் ஓலைப்புரையில் ஒரு போலீஸ்காரன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் மீன் விற்க வந்த பூவார் எலியா, சாளையை எண்ணிப் போட்டுக்கொண்டே தலை நிமிராமல் கேட்டான்: "ஒங்க ஆளு எங்க குடியிலதான் உண்டு. ஒரு தடவை வீட்டப் பாத்துட்டுப் போவணுமாம். வரட்டா?"

"வாழைமூட்டுல காக்கா வாறது நிக்கட்டும் அண்ணா, காவலும் போவும். அதுவர வர வேண்டாமுன்னு சொல்லுங்கோ."

இதை மாமியிடம் எப்படிச் சொல்லுவது? துணி அலசும் கல்லில் உட்கார்ந்தால் மனதில் இருப்பதையெல்லாம் நாலு பேரிடம் அழுது தீர்த்துவிடுகிறவள். அதைவிடவும் பெரிய தடை ஒன்று இருந்தது. 'நீங்க ஆசையா வைக்கிய சோறுதான் ஒங்க மோன வரவிடாம தடுக்குது' என்று ஒரு தாயின் முகத்தைப் பார்த்து எந்த நாக்கால் சொல்லுவது?

அதனால்தான் இன்று சிரட்டை கவிழ்ந்தது.

"பேசாம இருந்தா எப்பிடி? அவன் செத்துட்டான்னு நெனச்சிட்டியா? சொல்லுட்டி!"

"வராத ஆளுக்கு வேவிச்சு எதுக்கு மாமி வீணாக்கணும்..."

"வீணா! எனக்க மோனுக்கு வைக்கியது ஒனக்கு வீணாக்கும்!" பங்கஜாட்சி நெஞ்சில் அறைந்துகொண்டாள். "அப்பிடின்னா கேட்டுக்க. எனக்க பங்க அவனுக்கு வை. இனி சோத்துல நான் கை வைக்கமாட்டேன்!"

அன்றிலிருந்து கிழவிக்குக் கிழங்கும் பாலில்லாத கட்டன்சாயாவும்தான். அவளுடைய சோறு வெண்கலக் கிண்ணத்துக்குப் போயிற்று. சிரட்டை ஆறாகக் குறைந்தும், வாழைமூட்டுக்குப் போகும் சோறு அப்படியே இருந்தது!

சௌதாமினி தவித்தாள். குழி தோண்டிப் புதைத்தால் நாய் பிராண்டும். அரிசியை மண்ணில் மூட மனமும் வரவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அடுத்த நிமிஷமே ஊருக்குத் தெரியும். கடைசியில் ஒரு வழிதான் மிஞ்சியது. ஒவ்வொரு நாள் காலையிலும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு விறகுப்புரையின் பின்னால் போனாள். வழுவழுத்துப் புளித்த அந்தச் சோற்றைக் கண்ணை மூடி அள்ளித் தின்றாள். குமட்டும்போது உப்புக்கல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் தின்ன வேண்டிய சோறு... அவர் வருவதற்காகத் தின்கிறேன்...

காக்கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஓலைப்புரையில் இருந்தவன் மட்டும் போகவில்லை.

இருபதாம் நாள் காலையில் கனகதாசின் மனைவி, ஓரகத்தி புஷ்பபாய் விறகெடுக்க வந்தாள். கையில் வெண்கலக் கிண்ணமும், வாய் நிறையச் சோறுமாக சௌதாமினி.

"மாமீ! ஓடி வாங்கோ! கெட்டினவனுக்க பங்கையே இவ தின்னுகா! மாமியார பட்டினி போட்டுட்டு இஞ்ச ஒளிஞ்சிருந்து தின்னுகா!"

கிழவி வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. அதுதான் சௌதாமினியைக் கொன்றது.

"பசிச்சா எங்கிட்ட கேக்கப்பிடாதா?" கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். "அவனுக்க பங்கத் தின்னுட்டியே... இனி அவன் எந்த உரிமையில இந்தப் படி ஏறுவான்..."

"சொல்லு சௌதாமினி, எதுக்குத் தின்ன?" என்றான் கனகதாஸ். அவனுக்குத் தம்பி மனைவியைத் திட்டத் தெரியாது.

அவள் வாயிலிருந்த மிச்சச் சோற்றை விழுங்கினாள். சொன்னால் இந்த நிமிஷமே பழி தீரும். ஆனால் எதிர்த் தோப்பு கூப்பிடு தூரத்தில் இருந்தது. மாமியின் அழுகைக்கு நாலு வீடு தாண்டும் சக்தி உண்டு.

"துணிமணிய எடுத்துக்கோ. காரோடு ஊருல ஒங்க அப்பன் வீட்டுல கொண்டுபோய் விடுதேன்," என்றான் கனகதாஸ்.

அவள் இரண்டு சேலையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கியபோது, படலைத் திறந்துகொண்டு ஏட்டும், தோப்பிலிருந்த போலீஸ்காரனும் வந்தார்கள். காலை நேரத்துக் கூச்சல் அங்கே வரை கேட்டிருந்தது.

ஏட்டு நேராக வாழைமூட்டுக்குப் போனார். ஒரு பருக்கை இல்லை. அடுக்களைக்குள் எட்டிக் கலத்தைப் பார்த்தார்.

"எந்தா அம்மே, ஒரு பகளம்?" என்று கூச்சலுக்குக் காரணம் கேட்டார்.

பங்கஜாட்சிக்கு யாரிடமாவது முறையிட வேண்டியிருந்தது. போலீஸ் என்றும் பார்க்கவில்லை. "கேளும் சாரே! இருபது நாளா எனக்க மோனுக்கு இந்த வீட்டுல அரிசி போடல்ல! நான் பட்டினி கெடந்து வச்ச சோத்தையும் இவ தின்னு தீத்துட்டா! கெட்டினவன் வருவான்னு ஒரு நெனப்பு வேண்டாமா இவளுக்கு!"

ஏட்டு சௌதாமினியின் பக்கம் திரும்பினார். "உள்ளதோ? பர்த்தாவின்றெ சோறு நீ தின்னோ?"

மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாமியாரின் முகத்தைப் பார்க்காமல், அவள் தெளிவாகச் சொன்னாள்:

"தின்னேன். வராத ஆளுக்கு எதுக்கு சாரே சோறு?"

கனகதாஸ் பல்லைக் கடித்தான். கிழவி, "பாவீ!" என்று தரையில் சரிந்தாள். ஏட்டு மீசையை ஒதுக்கிச் சிரித்தார்.

இருவரும் வெளியேறினார்கள். சாபம் கொடுக்கவோ, அழவோ, எதற்கென்று தெரியாமல் எழுந்து பின்னாலேயே போன பங்கஜாட்சி படலின் மறைவில் நின்றாள். ஏட்டு கூட வந்தவனிடம் சொல்லிக்கொண்டு போனது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. மலையாளம் அவளுக்கும் சொந்தப் பேச்சுதானே!

"அவன் வருந்நில்லடோ. வாழச்சோட்டில் சோறு கண்டிட்டல்லே ஞான் காவல் இட்டது? இனி வேண்டா. போய்க்கோ."

கிழவி அப்படியே நின்றாள். வாழைமூட்டைப் பார்த்தாள். ஒரு காக்கைகூட இல்லாத அந்த ஈரமண்ணைப் பார்த்தாள். மெல்லத் திரும்பி, முற்றத்தில் மூட்டையோடு நிற்கும் மருமகளைப் பார்த்தாள்.

"மக்கா... காவல் இட்டது எனக்க சோத்தக் கண்டா?"

சௌதாமினி தலை குனிந்தாள்.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும் மாமி."

"எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லியிருக்கப்பிடாதா!"

"எங்ஙன மாமி சொல்லுவேன்... நீங்க வச்ச சோறுதான் அவருக்கு வெலங்குன்னு... எனக்கு நாக்கு வரல்ல மாமி..."

"அந்தப் புளிச்ச சோத்தையா... இருபது நாளா..." பங்கஜாட்சி ஓடிவந்து மூட்டையைப் பிடுங்கி எறிந்தாள். மருமகளின் முகத்தை இரு கைகளாலும் பிடித்து, வாயைத் தன் முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதாள், அந்தப் புளிப்பு இன்னும் அங்கே ஒட்டியிருப்பதுபோல. "எனக்க பொன்னே... நான் அவனுக்கு வேலி கெட்டியிருந்தேனே... நீயல்லவா வழி வெட்டினே..."

புஷ்பபாய் விறகைக் கீழே போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள். கனகதாஸ் மூட்டையை எடுத்துக் கொண்டுபோய் உள்ளே வைத்தான்.

அதிலிருந்து எட்டாம் நாள் உச்சி வேளையில், தலையில் மீன்கூடையும் முகம் மறைத்த துவர்த்துத் துண்டுமாக எலியாவின் பின்னால் இன்னொருவன் வந்தான். கூடை இறங்கியது. துவர்த்து விலகியது. தாடிக்குள்ளிருந்து சதானந்தன் சிரித்தான்.

யாரும் சத்தமிடவில்லை. பங்கஜாட்சிகூட முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகுதான் திடுக்கிட்டுக் கலத்தைப் பார்த்தாள். ஆறு வட்டிலுக்கும் விளம்பி, கலம் காலியாக இருந்தது.

"ஐயோ... எனக்க மோனுக்கு ஒரு பிடி சோறு இல்லியே!"

சௌதாமினி வெண்கலக் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்தாள். தன் வட்டிலிலிருந்து ஒரு கை எடுத்து அதில் வைத்தாள். மாமி ஒரு கை. கனகதாஸ் ஒரு கை, புஷ்பபாய் ஒரு கை. சின்னது இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் சின்னக் கையால் வைத்தன. கிண்ணம் நிறைந்தது. அவன் கடைசிப் பருக்கை வரை தின்றான், விரலையும் நக்கினான். அரைமணி நேரம் கழித்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் அரிசிப்பானையின் முன்னால் பங்கஜாட்சியே உட்கார்ந்தாள். ஐந்து பெயர் சொல்லிக் கொட்டினாள். ஆறாவதைக் கொட்டும்போது, "இது எனக்கு," என்றாள். சிரட்டை கையிலேயே நின்றது.

சௌதாமினி அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"நீயே கவுத்து வை மக்கா," என்று சிரட்டையை அவளிடம் நீட்டினாள் கிழவி. "அவன் வரட்டும்."