மூன்றாவது பாஸ்

"யார் பண்ணின வேலை இது?"

காலை ஆறரை மணிக்கு அந்த வெளிநாட்டு விடுதி அறையே அதிர்ந்தது. கைப்பையின் ஜிப்பை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஜன்னல் ஓரம் கணவர் நின்றிருந்தார். ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் இரண்டு ரயில் பாஸ்கள்.

மகள் வாங்கி அனுப்பிய பாஸ்கள் அவை. அவற்றை வைத்துக்கொண்டு அந்த நாட்டின் எந்த ரயிலிலும் நான்கு நாள் இஷ்டம்போல ஏறி இறங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. ஏறுவதற்கு முன்னால் அன்றைய தேதியைப் பாஸில் இருக்கும் கட்டத்தில் பேனாவால் எழுதியாக வேண்டும். அவரும் எழுதித்தான் பார்த்தார். மை ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பாஸ் இரண்டும் பளபளவென்று லேமினேட் ஆகியிருந்தன!

அந்த வீட்டில் அது புதிதில்லை. கல்யாணச் சான்றிதழிலிருந்து டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு வரைக்கும் லேமினேட் செய்தாக வேண்டும் என்று சட்டம் போட்டவரே அவர்தான். முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவே அவரை டி.டி.ஆர். என்றுதான் கூப்பிடும். ஆனால் இன்றைக்குச் சட்டம் போட்டவர் தலையிலேயே சட்டம் விழுந்துவிட்டது.

"கேக்கறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனாரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கணவரை இழந்த நாளிலிருந்து தம்பி வீட்டிலேயே இருப்பவர். போன வருடம் ஒரு சின்னப் பேச்சில் அக்காவும் தம்பியும் முறைத்துக்கொண்டு ஆறு மாதம் பேசவில்லை. ஒரே கூடத்தில் இருந்துகொண்டு, "அவன்கிட்ட சொல்லு," "அவகிட்ட சொல்லு" என்று இவளைத்தான் தூது விட்டார்கள். மறுபடியும் அந்த நரகமா...

"நான்தான் குடுத்தேன்," என்றாள் அவள்.

"நீயா?"

"மழையில நனைஞ்சிடுமேன்னு..."

"அறிவிருக்கா உனக்கு? பொண்ணு ஆசை ஆசையா வாங்கிக் குடுத்ததை இப்படிப் பாழாக்கிட்டியே! எப்பவாவது வெளிய வாசல்ல போயிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டவளுக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. வெளியே வாசலில் போகவிட்டது யார்? அவருடைய வேலைக்கு வருடா வருடம் குடும்பத்துக்கே இலவசப் பாஸ் கிடைத்தது. 'ஊழியர், மனைவி, சார்ந்தோர்' என்று அதில் அச்சடித்தே இருக்கும். படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மனைவி வீட்டில் இருப்பாள். அக்காவும் தம்பியும் போய்விட்டு, பை நிறைய அழுக்குத் துணியும் வாய் நிறையக் கதையுமாகத் திரும்பி வருவார்கள். துணியைத் துவைத்துக்கொண்டே கதையைக் கேட்பாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் மட்டும் போகவில்லை. இந்தப் பயணம்தான் அவளுக்கு முதல் பயணம். அதிலும் இன்றைக்கு ஏறப்போகும் மலை ரயில்... பனிமலைக்கு நடுவே, வானத்தில் தொங்குவதுபோல ஒரு பாலத்தில் போகும் ரயில். அதன் படத்தை மகள் அனுப்பிய நாளிலிருந்து அவள் சமையல் முடிந்ததும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுவாள்.

டி.டி.ஆர். கோபத்தோடு விறுவிறுவென்று முன்னே போக, மற்ற இருவரும் பின்னால் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

ஆனால் அந்த ஸ்டேஷனைப் பார்த்ததும் டி.டி.ஆரின் நடை தானாகவே மெதுவானது. எட்டு நாலு என்று போட்ட ரயில் எட்டு நாலுக்கே நகர்ந்தது. நடைமேடையில் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று தரையிலேயே எழுதியிருந்தார்கள்; பெட்டியும் பிசகாமல் அந்த எழுத்தின் மேலேயே வந்து நின்றது. கூச்சல் இல்லை, ஓட்டம் இல்லை. இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஏறுகிறவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

"மனுஷன் வேலை பார்த்தா இங்க பார்க்கணும்," என்று கோபத்தையும் மறந்து முணுமுணுத்தார். அவளும் வாய் பிளந்துதான் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஊரே ஒரு கடிகாரத்தின் பேச்சைக் கேட்டு நடக்கிறதே!

கவுண்ட்டரில் இருந்த பெண் பாஸ்களை வாங்கி நகத்தால் தட்டிப் பார்த்தாள். பேனாவால் ஒரு கோடு போட்டாள். கட்டை விரலால் துடைத்தாள். கோடு காணாமல் போனது. வருத்தத்தோடு தலையை ஆட்டினாள். அவளுடைய ஆங்கிலமும் இவருடைய ஆங்கிலமும் முட்டி மோதி ஒரு வழியாக விஷயம் புரிந்தது. தேதியை அழித்து அழித்து எழுத முடிகிற பாஸ் செல்லாது. பெரிய அலுவலகத்தில் மாற்றிக் கொடுப்பார்கள், மதியம் ஆகும். மலை ரயிலோ நாளுக்கு ஒன்றுதான். எட்டு நாற்பதுக்குக் கிளம்பிவிடும். டிக்கெட் வாங்கிப் போகலாம் என்றால், பாஸ் இல்லாதவர்களுக்கு இன்னும் இருபது நாளுக்கு இடமே கிடையாது.

அவர் வாதாடவில்லை. "ரூல் சரிதான். நானா இருந்தாலும் இறக்கித்தான் விட்டிருப்பேன்," என்றார்.

அந்தப் பெண் மூன்று விரலைக் காட்டி, மூன்றாவது பாஸ் எங்கே என்றாள்.

மனைவி கைப்பையைத் திறந்து உறையோடு எடுத்து நீட்டினாள். வெறும் காகிதம். மேலே எந்தக் கண்ணாடித் தாளும் இல்லை. கவுண்ட்டர் பெண்ணின் முகம் மலர்ந்தது. 'நீங்கள் போகலாம்' என்று கையைக் காட்டினாள்.

டி.டி.ஆர். அந்தக் காகிதத்தையே வெறித்துப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் டிக்கெட்டையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்த கண்.

"எங்களோடதை மட்டும் குடுத்திருக்கே. உன்னோடது பத்திரமா இருக்கு. அப்போ... தெரிஞ்சே பண்ணியா? தனியாப் போகணும்னு திட்டம் போட்டியா?"

"ஐயோ... என்னங்க பேசறீங்க!" கண்ணில் குபுக்கென்று நீர் முட்டியது. ஆனாலும் அவள் நாத்தனார் பக்கம் திரும்பவே இல்லை.

"போதும்டா தம்பி!" என்று ஒரு குரல் உடைந்தது. "அவ மேல பழி போடாதே. குடுத்தது நான்!"

"அக்கா?"

"நான்தான்டா! ஜெராக்ஸ் கடைக்காரர் எத்தனைன்னு கேட்டாரு. ரெண்டுன்னு சொல்லிட்டேன்..." நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "வேணும்னு விடலடா. இவ வர்றான்றதே எனக்கு ஞாபகம் இல்ல! இத்தனை வருஷமா பாஸ்னா நீயும் நானும்தானே... கூட இருக்கறவளையே மறந்துட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தா இவளோடது உறைக்குள்ளயே கிடக்கு. பார்த்தும் ஒரு வார்த்தை கேக்கல இவ. இன்னிக்கு எனக்காகத் திட்டும் வாங்கறா. உனக்குத் தெரியுமா, நம்ம அம்மா கடைசியா கூப்பிட்டது இவ பேரைத்தான். நாம அப்ப ஊர் சுத்திட்டு இருந்தோம்!"

ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு வந்தது. எட்டு முப்பத்தொன்று. டி.டி.ஆர். மனைவியின் பாஸை வாங்கிப் பார்த்தார். அதில் 'மனைவி' என்று இல்லை. அவளுடைய முழுப்பெயர் அச்சாகியிருந்தது.

"நாம யாரும் போக வேணாங்க. மதியம் மூணு பேருமா வேற எங்கயாவது..." என்றாள் அவள், பழக்க தோஷத்தில்.

"வாயை மூடு!" என்றார். அதட்டல்தான், ஆனால் அதில் கோபம் இல்லை. பேனாவைத் திறந்து அவள் கையில் வைத்தார். "தேதியை எழுது. நீதான் எழுதணும். அதான் ரூல்."

கட்டத்துக்குள் ஒவ்வொரு எண்ணாக எழுதினாள். மை ஒட்டியது.

நடைமேடையில் நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினார். "மன்னிச்சிடும்மா..."

"விடுங்க அண்ணி. எல்லாரும் பார்க்கறாங்க. அவருக்கு பத்து மணி மாத்திரை உங்க பையில இருக்கு, மறந்துடாதீங்க."

கதவு மூடுவதற்கு முன் அவர் கிட்டே வந்தார். "வலது பக்கம் உக்காரு. பாலம் வலது பக்கம்தான் தெரியும். சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு வண்டி திரும்பி வரும். நான் இதே இடத்துல நிப்பேன்... இத்தனை வருஷமா உன்னை விட்டுட்டுப் போனேன்மா. இன்னிக்கு ஒரு நாள் நான் காத்துட்டு இருக்கேன்."

எட்டு நாற்பதுக்கு ரயில் நகர்ந்தது. ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஊர் விலகி ஏரி வந்தது. ஏரி விலகி மலை வந்தது. பரிசோதகர் ஒருவர் ஒவ்வொரு இருக்கையாக வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். டிக்கெட் கேட்டால் ஜனங்களுக்கு எப்படிக் கை நடுங்கும் என்று கணவர் எத்தனை கதை சொல்லியிருக்கிறார்! பாஸை நீட்டியபோது அவள் கை நடுங்கவில்லை. பரிசோதகர் தேதியைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், துளை போட்டார், தலையசைத்துச் சிரித்தார்.

போன் அடித்தது.

"செக் பண்ணினாங்களா?"

"பண்ணினாங்க."

"என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சரியா இருக்காம்."

"சாப்பிட்டியா? குளிருதா? அக்கா கேக்கச் சொன்னா... வலது பக்கம்தானே உக்காந்திருக்கே? அப்புறம், இறங்கும்போது பார்த்து..."

மலை சட்டென்று விலகியது. கீழே ஆழம் தெரியாத பள்ளம். மேலே வெள்ளை வெளேரென்று பனி. நடுவில், படத்தில் பார்த்ததைவிட உயரமாக, அந்தப் பாலம்.

"பாலம் வந்துடுச்சுங்க. வச்சிடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசி முடிப்பதற்குள் அவள் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.