கடுகு ஏறிய மரம்

மாலை ஆறு மணிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் நப்பின்னை வெயில் தாழும் முன்பே எழுந்துவிடுவாள். அவள் எழுந்ததும் கட்டில் தரைக்குள் அமிழும். முகம் கழுவித் திரும்புவதற்குள் மேசையும் நாற்காலியும் அமிழ்ந்து, அறை கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் கிடக்கும். அவள் கதவைச் சாத்தியதும் சுவர்கள் அவளுடைய வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும்.

கடல் பாதி நகரத்தை எடுத்துக்கொண்டபின், புதிய எண்ணூரின் கோபுரங்களில் எல்லோருக்கும் பாதி வீடுதான். உப்புநீர் ஆலையில் இரவுப்பணி பார்க்கும் நப்பின்னைக்குப் பகல். வேறு யாரோ ஒருவருக்கு இரவு. அவரவர் நேரத்துக்கு அவரவர் சாமான்களை நெகிழ்தரை எழுப்பித் தரும். அந்த இன்னொருவரை அவள் இத்தனை வருடங்களில் பார்த்ததே இல்லை. பார்க்கத் தோன்றியதும் இல்லை, கடுகு வரும்வரை.

ஆலைக் குழாய்க்கடியில் கத்திக்கொண்டு கிடந்த கறுப்புப் பூனைக்குட்டி அது. ராத்திரி கூடையில் வைத்து ஆலைக்கு எடுத்துப்போவாள், காலையில் கொண்டுவருவாள். வீட்டில் அது கூடையை விட்டு இறங்க மறுத்தது. நெகிழ்தரையிடம் சொல்லி, அது ஏறி விளையாடக் கம்பளம் போர்த்திய சிறு கோபுரம் ஒன்றை எழுப்பிப் பார்த்தாள். கடுகு மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சுவரோரம் படிப்படியாகப் பலகைகள் வைத்துப் பார்த்தாள். அதற்கும் மசியவில்லை. கடைசியில் கயிறு சுற்றிய தண்டும் உச்சியில் ஒரு தொட்டிலுமாக ஒரு மரம். அதைக் கடுகு ஆசை தீரப் பிறாண்டியது. பாதி உயரம் ஏறவும் ஏறியது. நப்பின்னைக்குக் கை தட்டலாம் போலிருந்தது.

மறுநாள் காலை அதே மரம் அதே இடத்தில் எழுந்தது. கடுகு முதுகைச் சிலிர்த்துக்கொண்டு கூடைக்குள் பதுங்கியது. அன்றிலிருந்து சாப்பாட்டையும் தொடவில்லை.

“மரத்துல தப்பு இல்லம்மா,” என்றார் கால்நடை மருத்துவர். “நேத்து பிறாண்டுன தடம், ஒரசிட்டுப் போன வாசனை, எதுவும் இன்னைக்கு அதுல இல்ல. உங்களுக்கு அதே வீடு. அதுக்கு தெனமும் அசலார் வீடு. அமுங்காத மரமா ஒண்ணு வைங்க. முடியலன்னா முழு வீடு இருக்கறவங்க யாருக்காவது குடுத்துருங்க. இப்படியே விட்டா உசுரு தங்காது.”

அமுங்காத சாமான் வைக்க மறுபாதிக்காரர் சம்மதிக்க வேண்டும். நப்பின்னை வீட்டிடம் ஒரு குரல்செய்தி விட்டாள். “வணக்கம், நான் உங்க...” என்று தொடங்கி, தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது எனத் தெரியாமல் திணறினாள். “பகல்ல இருக்கறவ. ஒரு பூனைக்குட்டி வளர்க்கறேன்.”

காலையில் பதில் காத்திருந்தது. கரகரப்பான ஆண்குரல்.

“என் பேரு தைரியநாதன்ங்க. டிராம் ஓட்டறேன். மரத்த ஜன்னலோரமா வைங்க, அது வேடிக்கை பார்க்கட்டும். என் கட்டில நான் தள்ளிப் போட்டுக்கறேன்.” செய்தியின் கடைசியில்: “இந்த வீட்டுல இன்னொருத்தங்க இருக்காங்கன்னு இப்பதான் உறைக்குது.”

அன்று அவள் தூங்காமல் கடைக்குப் போனாள். ஒவ்வொரு மரத்தையும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடியதையெல்லாம் ஒதுக்கினாள். கனத்த அடிப்பலகையில் நட்ட சவுக்குக் கட்டை, அதில் இறுகச் சுற்றிய தேங்காய்நார்க் கயிறு. பூனை முழு உடம்பையும் நீட்டிப் பிறாண்டுமளவு உயரம், உச்சியில் ஒரு தொட்டில். அதைத்தான் வாங்கிவந்தாள்.

முதல் நாள் கடுகு கிட்டே வரவில்லை. அடுத்த நாள் மோந்து பார்த்தது. பின்னொரு நாள் நேற்றைய தன் நகத்தடத்தின் மேலேயே நகம் பதித்துப் பிறாண்டிவிட்டு, நேராகப் போய்க் கிண்ணத்து மீனை நக்கித் தீர்த்தது.

அந்த வாரக் கடைசியில், கிளம்பும் நேரத்தில் கடுகு உச்சித் தொட்டிலை விட்டு இறங்கவில்லை. கெஞ்சினாள், மீனைக் காட்டினாள். கையை நீட்டியபோது சீறியது. தன் இடத்தை விட்டுக் கிளப்புகிறாள் என்ற கோபம். அவள் தடுமாறி நிற்கையில் கதவு திறந்தது. நரைத்த மீசையுடன், டிராம் சீருடையில் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“மன்னிச்சுக்குங்க சார், இறங்க மாட்டேங்குது.”

அவர் அண்ணாந்து பார்த்தார். “இறங்க வேணாம், அங்கேயே இருக்கட்டும். ராத்திரி நான் பார்த்துக்கறேன். என்ன சாப்பிடும், எப்ப சாப்பிடும்னு மட்டும் உக்காந்து சொல்லிட்டுப் போங்க.”

தரை அவளுடைய நாற்காலியைப் பாதி எழுப்பியது; அமிழ்த்தியது. அவருடையதை எழுப்பப் பார்த்தது, அதையும் விட்டுவிட்டது. இரண்டு பேர் இருக்கும் அறை அதற்குப் பழக்கமில்லை.

தைரியநாதன் சிரித்துக்கொண்டே வெறுந்தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். ஆலைக்குப் போகும் வண்டி கீழே மணியடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தது. நப்பின்னை அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.