ஒன்பதாவது தோள்வலி

வீட்டுக்குள் நுழைந்ததும் கால்நடை மருத்துவர் வேல்மயில் நாயை ஏறிட்டுப் பார்க்காமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீடு தேடிப் போகும் வைத்தியத்தில் அதுதான் முறை. அந்த நாய், பட்டாணி, தானாக வந்து முகர்ந்தது. அதன் கழுத்தில் பட்டையை மாட்டிவிட்டு, தன் மணிக்கட்டில் இருந்த நோவுவளையத்தை முடுக்கினார்.

அந்த வளையம் வந்து பதினோரு வருடமாகிறது. பிராணிக்கு எங்கே வலிக்கிறதோ, மருத்துவருக்கும் அங்கேயே வலிக்கும். அழுத்திப் பார்ப்பது, நடக்கவிட்டுப் பார்ப்பது போன்ற பழைய பாடெல்லாம் போயே போய்விட்டது. கையால் தொட்டுப் பார்ப்பதையே மருத்துவர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும்.

"இடது தோள்தான்," என்றார் வேல்மயில், பல்லைக் கடித்துக்கொண்டு. "போன வாரத்தைவிட அதிகம். நாளைக்கே நரம்பைத் துண்டிச்சிருவோம்க்கா. வலி நின்னுரும்."

"காலு?" என்று கேட்டார் பிலோமினா. தூத்துக்குடியில் தையல் கடை வைத்திருப்பவர். அந்த வீட்டில் அவரும் பட்டாணியும் மட்டும்தான்.

"அந்தக் காலை இழுத்துக்கிட்டுத்தான் நடக்கும்."

"போன வாரம் தடுப்பூசி போட வந்த இடத்துல தோள்ல நோவுன்னீங்க. இது இன்னைக்குக் காலைல மொட்டமாடிக்கு நாலு தடவ ஏறி இறங்கிருக்கு டாக்டர்!"

"வலியை மறைக்கிறது மிருகத்தோட குணம்க்கா. இந்த மாசத்துல இது ஒன்பதாவது. பூனை, ஆடு எல்லாத்துக்கும் இதே இடது தோள். பரவுற நோய்னு மேலிடத்துக்கு எழுதிட்டேன். ரெண்டுக்கு நரம்பையும் துண்டிச்சாச்சு."

பிலோமினா நாயை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். அவருக்குப் பயமாக இருந்தது.

"அந்த வளையத்தக் கழத்திட்டு ஒரே ஒரு தடவ கையால பாருங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்றத நான் கேக்கேன்."

வேல்மயில் வேண்டாவெறுப்பாகக் கழற்றினார். நாயின் இடது தோளை அழுத்தினார், காலை மடக்கினார், நீட்டினார். பட்டாணி கொட்டாவி விட்டது. அவர் முகம்தான் சுளித்தது.

"உங்களுக்கு இன்னும் வலிக்கா?" என்றார் பிலோமினா.

"மிச்சநோவு. கழற்றினாலும் கொஞ்ச நாழி இருக்கும். எங்களுக்குப் பழகிப்போச்சு."

"காலைல எந்திரிக்கும்போது?"

"அப்பவும் இருந்துச்சு. அது நேத்துப் பார்த்த..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எந்தப் பிராணியையும் அவர் தொடவில்லை. முந்தின ஞாயிறும் தொடவில்லை. இரண்டு நாளும் தோள் வலித்தது. பதினோரு வருடமாக உடம்பில் வந்த எந்த வலியையும் அவர் தன்னுடையதாக நினைத்ததே இல்லை.

வலது கையால் தன் இடது தோளை அழுத்தினார். "அம்மா!" என்று கத்திவிட்டார். பட்டாணி திடுக்கிட்டு எழுந்தது.

பிலோமினா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ நரம்ப வெட்டுன அந்த ரெண்டு?"

வேல்மயிலுக்கு வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கைப்பேசியை எடுத்து முதல் வீட்டுக்கு அழைத்தார். பூனை வளர்க்கும் பெரியவர் எடுத்தார். இவர் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். காலை இழுத்து இழுத்துத்தான் நடக்குது. பார்க்கப் பாவமாத்தான் இருக்கு. ஆனா அந்த வலி இல்லாம ஆக்கிட்டீங்களே, அது போதும். நீங்க நல்லா இருக்கணும்."